கார் இடத்தில் ஒரு மஞ்சள் நாற்காலி

புதன்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்குப் பள்ளி வேன் லோஷினியைக் கடை வரிசையின் முனையில் இறக்கிவிட்டது. அப்பாவின் கடைக்கு முன்னால் ஒரு மஞ்சள் நாற்காலி நின்றது.

நேற்று அது அங்கே இல்லை.

லோஷினியின் அப்பா ஜெயபாலன் மலேசியாவின் ஸ்கூடாயில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறார். பல்கலைக்கழகம் பக்கத்தில்தான். மாணவர்கள் வருவார்கள், நகல் எடுப்பார்கள், தடித்தடியான ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டு வாங்கிப் போவார்கள். எப்போதும் அவசரமாக வருவார்கள். எப்போதும் கார் நிறுத்த இடம் இருக்காது.

நாற்காலி நின்றது கடைக்குள் இல்லை, நடைபாதையிலும் இல்லை. கார் நிறுத்தும் கட்டத்தின் நட்டநடுவில் நின்றது.

லோஷினி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சாயும் பலகையில் ஒரு பறவை வரைந்திருந்தது. அலகு உடம்பில் பாதி இருந்தது. அலகுக்கு மேல் ஒரு கொம்பு. கண் மட்டும் அவளையே பார்த்தது.

“அப்பா, இந்த நாற்காலி ஏது?”

“கெடந்துச்சு.”

“எங்க கெடந்துச்சு?”

“நடைபாதையில. ஹாஸ்டல் காலி பண்ணிட்டுப் போற பசங்க போட்டுட்டுப் போயிருப்பாங்க. நல்ல நாற்காலி. பார்க்கிங் பிடிக்க வெச்சிட்டேன்.”

“உட்காரலாமா?”

“ரோட்டுல போயி யாராச்சும் உட்காருவாங்களா? நீ சாப்பிட்டியா?”

அந்த வரிசையில் இது பழைய வழக்கம். கடை திறந்ததும் ஆளாளுக்கு ஏதாவது ஒன்றைத் தங்கள் கடைக்கு முன்னால் உள்ள கட்டத்தில் வைத்துவிடுவார்கள். பெயின்ட் டின், உடைந்த ஸ்டூல், செடி செத்துப்போன பூந்தொட்டி. வைத்துவிட்டால் இடம் அவர்களுடையது. வாடிக்கையாளர் வந்தால் ஓடிப்போய் எடுத்து இடம் விடுவார்கள். மாநகர் மன்ற அதிகாரி வந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். அவர் தலை மறைந்ததும் வெளியே வந்துவிடும்.

ஆனால் அன்று வரிசை வேறு மாதிரி இருந்தது. பெயின்ட் டின்னைக் காணோம், பூந்தொட்டியைக் காணோம். நவ்சாத் மாமாவின் சாப்பாட்டுக் கடை முன்னால் ஒரு நீல நாற்காலி, அதில் மீன். ஆ லியோங் அங்கிளின் முடிதிருத்தும் கடை முன்னால் சிவப்பு, அதில் முதலை. சந்திரமதி ஆன்ட்டியின் தையல் கடை முன்னால் பச்சை, அதில் தவளை. அந்தக் கோடியில் இன்னும் இரண்டு.

மீனுக்கும் முதலைக்கும் தவளைக்கும் ஒரே மாதிரிக் கண். வரைந்தது ஒரே ஆள்தான்.

யார்? எதற்கு?

“எனக்கென்ன தெரியும்?” என்றார் சந்திரமதி ஆன்ட்டி, வாயில் குண்டூசியோடு. “பச்சை நம்ம போர்டுக்கு மேட்ச்சா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்.”

“ஆண்டவன் குடுத்ததும்மா” என்றார் நவ்சாத் மாமா. “ஒங்கப்பா கேட்டா தரமாட்டேன்னு சொல்லிரு.”

“அவரு கேக்கலயே.”

“கேட்டாலும்!”

நவ்சாத் மாமாவும் அப்பாவும் நோன்பு மாதத்திலிருந்து பேசுவதில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு கட்டம் பாதி இங்கும் பாதி அங்குமாக விழுந்திருந்தது. அது யாருடையது என்பதுதான் தகராறு. அப்பாவுக்குத் தே தாரிக் வேண்டுமென்றால் லோஷினிதான் போய் வாங்கி வர வேண்டும். “அந்தாளு போடற டீ நல்லாதான் இருக்கும்” என்பார் அப்பா, குடித்துக்கொண்டே.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, வரிசையின் முனைத் தூணில் சாய்ந்து ஒரு பெண் நின்றாள். பல்கலைக்கழக மாணவி. நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால்சட்டையில் மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி.

லோஷினி நேராக அவளிடம் போனாள்.

“அக்கா, அந்தப் பறவைக்குப் பேர் என்ன?” என்று மலாயில் கேட்டாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டாள். “கென்யாலாங். கடலுக்கு அந்தப் பக்கம் சரவாக்கில் எங்கள் காட்டுப் பறவை. நான்தான் வரைந்தேன் என்று எப்படித் தெரியும்?”

லோஷினி கால்சட்டையைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் பெயர் சிசிலியா. கட்டடக் கலை படிக்கிறாள். மாணவர்கள் தூக்கிப் போட்ட நாற்காலிகளைச் சேர்த்து, செப்பனிட்டு, வண்ணம் பூசி, செவ்வாய்க்கிழமை ராத்திரி இந்த நடைபாதையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“எதுக்கு?”

“உட்காரத்தான். இங்கே மலாய்க்காரர், தமிழர், சீனர், எங்களைப் போல வெளியூர் மாணவர் எல்லாரும் வருகிறோம். வாங்குகிறோம், போகிறோம். யாரும் யாருடனும் உட்காருவதில்லை. என் ஊரில் நாங்கள் நீளவீட்டில் இருக்கிறோம். ஒரே கூரை, வரிசையாக இருபது குடும்பம். எல்லார் கதவுக்கும் வெளியே நீளமாக ஒரே கூடம். அங்கே எதைப் போட்டாலும் அது எல்லாருக்கும். யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு தானாக வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் காலையில் வந்து பார்த்தால் எல்லா நாற்காலியும் ரோட்டில் நிற்கிறது! உங்கள் ஆட்களுக்கு வெயிலில் உட்காரப் பிடிக்கும் போல என்று நினைத்தேன். இரண்டு நாளாகப் பார்க்கிறேன். ஒருவரும் உட்காரவில்லை.”

லோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். பெயின்ட் டின் பற்றி, பூந்தொட்டி பற்றி, கட்டங்கள் பற்றி.

சிசிலியா தூணடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படியென்றால் என் நாற்காலி ‘வா’ என்று சொல்லவில்லை. ‘வராதே’ என்று சொல்கிறது.”

“ஆமாக்கா.”

“சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் விரிவுரையாளர் பார்க்க வருகிறார். நாற்காலியின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் மதிப்பெண். இல்லையென்றால் அடுத்த வருடம் இந்தப் பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.”

லோஷினி அப்பாவின் கடையைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் முதலில் கடை திறப்பவர் அவர். முதல் நாற்காலியை எடுத்ததும் அவராகத்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எடுத்திருப்பார்கள்.

“நாற்காலியில ‘உட்காருங்கள்’னு எழுதியிருக்கலாமே?”

“நாற்காலியில் அதை எழுத வேண்டுமா என்ன?”

“இந்தத் தெருவுல எழுதணும்க்கா.”

அன்று மாலையே லோஷினி அப்பாவின் கடையில் ஆறு தாள் அச்சடித்தாள். ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்று நான்கு மொழியில். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒட்டினாள். காரில் வந்த ஒருவர் இறங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் காரை விட்டார்.

“அலமாக்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் ஆ லியோங் அங்கிள். அது அவருடைய இடம்.

வெள்ளிக்கிழமை அடித்த மழையில் தாள்களும் கரைந்துபோயின.

மழை விட்ட பிறகு லோஷினி நடைபாதையில் நின்று கவனித்தாள். ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்கள்? அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

நவ்சாத் மாமா வெளியே வந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். நீல நாற்காலியைத் துண்டால் துடைத்தார். அதன் மேல் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். உட்காரவில்லை.

“மாமா, கால் வலிக்குதா?”

“காலையிலேருந்து நிக்கிறேன். வலிக்காம?”

“அப்ப உட்காருங்களேன்.”

“இதுலயா? இது காருக்கு வெச்சதும்மா.”

“நேத்து ஆ லியோங் அங்கிள் நாற்காலியைத் தூக்கி வெச்சிட்டு ஒருத்தர் கார் போட்டுட்டாரு, பார்த்தீங்களா?”

“பார்க்காம? எனக்கும் அப்படி நடந்திருக்கு. மனசாட்சி இல்லாத ஜனங்க.”

“நாற்காலிக்கு வாய் இல்லல்ல மாமா. வேணாம்னு சொல்ல முடியாது. நீங்க உட்கார்ந்திருந்தா தூக்க முடியுமா?”

நவ்சாத் மாமா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். “என்னைத் தூக்க நாலு பேரு வேணும்லா.”

பிறகு லோஷினி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி யாருடையது, அவள் எந்த ஊர், சனிக்கிழமை என்ன நடக்கப் போகிறது. மாமாவின் முகம் மாறியது.

“அந்தப் புள்ள திருப்பிக் கேட்டுச்சா?”

“கேக்கல. யாராவது உட்கார்ந்தா போதுமாம்.”

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அதையே ஆ லியோங் அங்கிளிடமும் சந்திரமதி ஆன்ட்டியிடமும் சொன்னாள். கோடிக் கடைகளிலும் போய்ச் சொன்னாள். அப்பாவிடம் கடைசியாகச் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்பா அச்சு இயந்திரத்தைத் திறந்து, சிக்கிய தாளை இழுத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணோடதா? நான் சும்மா கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்.” தாள் கிழிந்து பாதி கையில் வந்தது. “திருப்பிக் குடுத்துரு.”

“திருப்பிக் கேக்கலப்பா. நீங்க உட்காரணும்.”

“நானா? அந்த நவ்சாத் பக்கத்துல போயி உட்காரவா? வேற வேலை இல்ல?”

“நாளைக்கு ஒரு நாள்ப்பா. அஞ்சு மணிக்கு.”

“முடியாதும்மா. கடையை யாரு பார்ப்பா?”

சனிக்கிழமை நாலரை மணி ஆயிற்று. வெயில் தாழ்ந்தது. நடைபாதையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் சும்மா நின்றன. சிசிலியா தூணருகே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவர் நவ்சாத் மாமா. ஒரு கையில் தே தாரிக், ஒரு கையில் துண்டு. நீல நாற்காலியில் மெதுவாக இறங்கினார். அது கிறீச்சென்றது. உடையவில்லை.

“ஆஹா” என்றார் மாமா. கண்ணை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்து ஆ லியோங் அங்கிள் வந்தார். பாதி முடி வெட்டிய தலையோடு ஒரு வாடிக்கையாளரையும் கழுத்தில் துணியோடு அழைத்து வந்து, சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்து, மீதியை அங்கேயே வெட்ட ஆரம்பித்தார். “காற்று நன்றாக வருகிறது” என்றார் மலாயில். சந்திரமதி ஆன்ட்டி ஒரு பாவாடையோடும் ஊசியோடும் தவளை மேல் உட்கார்ந்தார். கோடியில் இருந்த இரண்டில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தார்கள்.

மஞ்சள் மட்டும் சும்மா நின்றது.

லோஷினி கடைக் கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி பார்த்தார். அவர் பார்த்தது லோஷினியை இல்லை, நவ்சாத் மாமாவின் கால்களை. நீல நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தது. மாமாவின் கால்கள் நீட்டியபடி நடுக் கட்டத்துக்குள் வந்திருந்தன.

அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மஞ்சள் நாற்காலியைத் தூக்கி, மாமாவுக்கு நேர் எதிரே போட்டு, தொப்பென்று உட்கார்ந்தார்.

“காலை மடக்கு” என்றார்.

நோன்பு மாதத்துக்குப் பிறகு அவர் மாமாவிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“ஏன் மடக்கணும்? ரோடு ஒங்க வீட்டுதா?”

“கோடு எங்க இருக்குன்னு பாரு.”

“கண்ணாடி போட்டுட்டு நீ பாரு!”

இருவரும் குனிந்து கோட்டைப் பார்த்தார்கள். உட்கார்ந்தபடியே சண்டை போட்டார்கள். நின்று போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே போயிருப்பார்கள். உட்கார்ந்துவிட்டதால் எழுந்துபோக யாருக்கும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சண்டை மாநகர் மன்றத்தின் மேல் திரும்பியது. இந்தக் கோட்டை இப்படிப் போட்டது யார் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

“டீ வேணுமா?” என்றார் மாமா.

“சீனி கம்மியா” என்றார் அப்பா.

சிசிலியா வரைநோட்டைத் திறந்து கடகடவென்று வரைந்தாள்.

“சந்தோஷமாக்கா?” என்றாள் லோஷினி.

“இன்னும் விரிவுரையாளர் பார்க்கவில்லையே” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அதோ. அந்த வெள்ளைக் கார்தான்.”

வெள்ளைக் கார் ஊர்ந்து வந்தது. கட்டம் கட்டமாகத் தேடியது. ஒன்றில் முடிவெட்டு, ஒன்றில் தையல், கோடி இரண்டில் சாப்பாடு, நடுவில் மாநகர் மன்றச் சண்டை. மற்றதில் எல்லாம் கார், அப்பா விட்டு வந்த கட்டத்திலும். வரிசையின் முனை வரை போய்த் திரும்பி மறுபடி வந்தது. மூன்றாவது சுற்றில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நேராக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

“மன்னிக்கணும், யாராவது ஒருத்தர் கொஞ்சம் எழுந்துக்க முடியுமா?”