அப்பா பக்கத்துக் கட்டம்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது திரையின் மூலையில் சுற்று நாற்பது என்றிருந்தது. மாலை ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் நாற்பத்தொன்று.

மூத்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். கைக்கடக்கமான விளையாட்டுப் பெட்டி அது. ஃப்ரிட்ஜின் தலையில், சார்ஜர் வயர் செருகியபடி, வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. வீட்டில் இருப்பது அப்பா மட்டும். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். டிவியில் சத்தம் கூட்டுவதற்கே ஆள் கூப்பிடுகிறவர். அவர் இதைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை.

அது அவளும் தங்கையும் ஆடிய ஆட்டம். மூத்தவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை, காலை எட்டிலிருந்து நாலரை வரை. தங்கை சுண்டுவுக்குப் புகார் கேட்கும் கால் சென்டர், சாயங்காலம் ஆறிலிருந்து விடியும்வரை. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் முகம் பார்ப்பது மாடிப்படியில்தான். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் ஒரே ஒரு வீரரைத்தான் நகர்த்தலாம். நகர்த்திவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும். அடுத்தவள் முறையில் கை வைக்கக் கூடாது. மூன்று வருடமாக இருந்த சட்டம் இது.

வீரர்களுக்குப் பெயர் வைத்தது சுண்டுதான். ஈட்டிக்காரிக்கு அக்கா. வில்லாளிக்குத் தன் பெயர். காயம் ஆற்றும் கிழவருக்கு அப்பா. கோடாரியோடு முன்னால் போய் எல்லோரிடமும் உதை வாங்குகிற தடியனுக்கு மேனேஜர். 'இன்னிக்கும் மேனேஜருக்குச் செம அடி, மனசு குளுந்துபோச்சு' என்று சீட்டெழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாள். அந்த ஆட்டத்தில் விழுந்தவர் விழுந்தவர்தான். எழுந்து வர மாட்டார். தப்பாக நகர்த்திவிட்டோமே என்று பின்னால் போகவும் வழியில்லை. ஒவ்வொரு நகர்வையும் அதுவே பதிந்துகொள்ளும்.

சுண்டு இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ரத்தத்தில் ஏதோ கிருமி என்றார்கள். ஆறே நாளில் எல்லாம் முடிந்தது.

ஆறாம் நாள் அது சுண்டுவின் முறை. அவள் மயக்கத்தில் கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூத்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தங்கை கண் விழிப்பதற்குள் ஆட்டத்தைக் கொஞ்சம் ஜெயித்து வைத்தால் சந்தோஷப்படுவாளே என்று நினைத்து, வில்லாளியை ஆற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். புதருக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கட்டம் காலியானது.

மத்தியானம் சுண்டு கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"நான் எங்கக்கா நிக்கிறேன்?"

"கோட்டைக்குள்ளதான். அப்பா பக்கத்துல."

"அப்ப சரி. தனியா நிக்கத்தான் பயமா இருக்கு."

அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அந்தப் பொய்யை மூத்தவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுதான், மனசு கேட்காமல், தன் முறையை ஆடினாள். ஆடி முடித்ததும் பழக்கதோஷம், பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் கொண்டுபோய் வைத்தாள். சட்டப்படி அடுத்த முறை சுண்டுவுடையது. அதை அவளுக்கென்றே விட்டு வைத்தாள். இப்போது அந்த முறை ஆடப்பட்டிருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஃப்ரிட்ஜ் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அதன் உறுமல் மண்டைக்குள் ஓட, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எந்த அக்காதான் அழமாட்டாள்? பிறகுதான் நகர்ந்தது யார் என்று பார்த்தாள். கிழவர் நகர்ந்திருந்தார். கோட்டைக் கதவுக்கு வெளியே, ஆற்றுக்கு இறங்கும் படியில் நின்றார்.

நடு அறையில் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்த நாளிலிருந்து படுத்தே கிடந்தவர். போர்வையை இழுத்துவிடப் போனவளின் கை அவர் பாதத்தில் பட்டது.

"என்னப்பா, காலு இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"கொஞ்சம் வெளிய போயிட்டு வந்தேம்மா."

"எங்க?"

அவர் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். "வாசல் வரைக்கும்."

அப்போதே கிழவரைக் கோட்டைக்குள் இழுத்திருக்கலாம். ஒரு நகர்வு. செய்யவில்லை. அடுத்த முறை சீக்கிரம் சுண்டுவுக்குப் போக வேண்டும் என்ற ஆசையில், கைக்கு முதலில் அகப்பட்ட மேனேஜரை ஒரு கட்டம் தள்ளிவிட்டுப் பெட்டியை மேலே வைத்தாள். அன்றிரவு பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மாலை கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. தேங்கிய தண்ணீரும் அழுகிய தழையும் கலந்த வாடை. மூன்றாம் மாடியில், ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டில், அது எங்கிருந்து வருகிறது என்று குளியலறை, சமையலறைத் தொட்டி, வாஷிங் மெஷின் குழாய் எல்லாம் முகர்ந்துவிட்டு, கடைசியில் அப்பாவின் அறையில் வந்து நின்றாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பைஜாமா கணுக்கால்வரை நனைந்திருந்தது. தரை காய்ந்திருந்தது.

திரையில் கிழவர் ஆற்றில் இறங்கியிருந்தார்.

இந்தத் தடவை இழுத்தாள். ஆனால் அந்த ஆற்றில் ஓட்டத்தோடு போனால் நாலு கட்டம். ஓட்டத்தை எதிர்த்தால் ஒன்றே ஒன்று. ஒரு கட்டம் மேலே இழுத்து வைத்தாள். அடுத்த நாள் நாலு கட்டம் கீழே போயிருந்தார். பைஜாமா இடுப்புவரை ஈரம். அவர் போகிற திசையை மூத்தவள் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். அது ஆற்றோரத்து அந்தக் காலிக் கட்டத்தில் போய் முடிந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. யாரைக் குற்றம் சொல்வது? அக்கா சொன்னதைத்தானே தங்கை நம்பினாள். அப்பா பக்கத்தில் என்று அக்கா சொன்னாள். சுண்டு போன இடத்தில் அப்பா இல்லை. அதனால் வரவழைத்துக்கொள்கிறாள்.

ஆட்டத்தையே அழித்துவிடலாம். இரண்டு பட்டன். கட்டைவிரலை வைத்துவிட்டு எடுத்தாள். அதில் அப்பாவும் இருக்கிறாரே. சரி, தன் முறையை ஆடாமலே விடலாம் என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். கிழவர் நின்ற இடத்திலேயே நின்றார், இடுப்பளவு தண்ணீரில். அப்பா எழுந்திருக்கவில்லை. மெத்தை நனைந்து கனத்தது. சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் வைத்தால் பைதான் ஆறியது. வந்து பார்த்த டாக்டர் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்துவிட்டு, "உடம்புல சூடே நிக்கலையே, நாளைக்கு ஆஸ்பத்திரியில சேத்துடுங்க" என்றார். போகும்போது ஈரமான விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் போனதும் மூத்தவள் பெட்டியை எடுத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"சுண்டு," என்றாள். சொந்த வீட்டுச் சமையலறையில் நின்று காலியான இடத்தைப் பார்த்துப் பேச வெட்கமாக இருந்தது. "நான் பொய் சொன்னேண்டி. நீ கோட்டைக்குள்ள இல்ல. உன் டர்ன நான்தான் ஆடினேன். உன்னை ஆத்தோரம் தனியா நிறுத்தினதும் நான்தான்."

ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது.

"அப்பாவை விட்டுடு. அவரு தாங்க மாட்டாரு. நான் வரேன். நான் வந்து உன் பக்கத்துல நிக்கிறேன்."

ஈட்டிக்காரி அக்கரையில் நின்றாள். ஐந்து கட்டம். அவளால் ஐந்து போக முடியும். நகர்த்தினாள். காலிக் கட்டத்தின் வலப் பக்கம் அவளை நிறுத்தினாள். கணுக்காலில் சில்லென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது; அதைவிட, இத்தனை நாளில் முதல் தடவையாக, நெஞ்சு லேசாக இருந்தது.

பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். திரும்பினாள்.

டிக்.

பின்னால்.

டிக். டிக். டிக்.

நிதானமான பட்டன் சத்தம். சுண்டு எப்போதும் நாலு தடவை எண்ணிப் பார்த்துத்தான் நகர்த்துவாள். மூத்தவள் திரும்பவில்லை.  சத்தம் நின்ற பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, பார்த்தாள்.

சுற்று நாற்பத்தேழு.

கிழவர் வந்துவிட்டார். காலிக் கட்டத்தின் இடப் பக்கம். வலப் பக்கம் அவள். நடுவில் ஒரு கட்டம்.

"அப்பா!"

 ஓடினாள். நடு அறையின் கதவு திறந்திருந்தது. தண்ணீர் வாடை முகத்தில் அறைந்தது.

அப்பா கட்டிலின் நடுவில் இல்லை. சுவரோரம் ஒட்டிப் படுத்திருந்தார், ஒருக்களித்து, ஒரு கையை நீட்டி. முகத்தில் நிம்மதி. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீட்டிய கை மெத்தையைத் தொடவில்லை. அரை அடி உயரத்தில், எதன் மேலோ போட்டாற்போல் வளைந்து, நின்றது.

கைக்குக் கீழே மெத்தை குழிந்திருந்தது. தலை அழுத்தித் தலையணையில் ஒரு பள்ளம். கீழே இடுப்பு. அதற்கும் கீழே குதிகால் தடங்கள் இரண்டு. தலையணைப் பள்ளத்திலிருந்து நீர் சொட்டியது.

"அக்கா வந்துட்டா," என்றார் அப்பா. உதடு அசையவில்லை. "தள்ளிப் படும்மா."

குழிவு மெல்ல அப்பா பக்கம் நகர்ந்தது. இந்தப் பக்கம் விளிம்பில் ஓர் ஆள் படுக்குமளவு இடம் விட்டது. பிறகு போர்வையின் நுனி தானாக உயர்ந்து, மடங்கி, அவளுக்காகத் திறந்தபடி நின்றது.