திருப்பி அனுப்பாத குரல்வளை

நேற்றுச் சாயங்காலம் ஹினெவாய் பார்த்தபோது தட்டில் கிடந்த குரல்வளையின் நாண்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இன்று மத்தியானம் தட்டின் மூடியைத் திறந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூச்சு விடும்போது விலகும், பேச வாயெடுத்தால்தான் சேரும் என்று பத்து வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவள் அவள். செத்தவர்களுக்கு எப்படிச் சேரும்?

"மருந்துல சுருங்கியிருக்கும்," என்று முணுமுணுத்து மூடினாள்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் இருந்த அந்த உடற்கூற்றுக் கூடத்தில் ஓர் உடலுக்கு ஒரு வாளி. அறுத்ததில் நகத்துணுக்கானாலும் அந்த வாளிக்குத்தான் போகும், கடைசியில் உடலோடு சேர்ந்து வீட்டுக்குத் திரும்பும். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்கள் அதை நம்பித்தான் பெற்றவர்களின் உடலைப் படிப்புக்குக் கொடுக்கின்றன. ஹினெவாயும் மாவோரிதான், யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போன வாரம் பாரெஹுயா கிழவியின் உடல் வீட்டுக்குக் கிளம்பியபோது குரல்வளையை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாள். இவ்வளவு சுத்தமாக அறுத்தெடுத்தது இனி வாய்க்குமா, பரீட்சைக்கு ஆகுமே என்று ஓர் ஆசை. பாழாய்ப்போன ஆசை!

அந்தக் கிழவி லேசுப்பட்டவளா? மாவோரி வழக்கப்படி பெண்ணொருத்தி குரலெடுத்து அழைக்காமல் விருந்தாளிகள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். அறுபது வருஷம் அப்படி அழைத்தவள் அவள். இன்று மூன்று மணிக்கு, உடல் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம். அழைக்க வேண்டியவள் ஹினெவாய்.

"என்னம்மா, தொண்டையத் தீட்டிட்டியா? சன்னல் கண்ணாடி தப்பிக்குமா?" என்றான் கூடவே வேலை பார்க்கும் ஃபெர்கஸ்.

"போடா, உன் பாட்டுக்கே உடையாத கண்ணாடி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அடைத்தது.

வாசலில் கிழவியின் மகள் ராவினியா முன்னதாகவே வந்து நின்றாள். ஹினெவாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவ முழுசாத்தானே அனுப்புனே, கண்ணு? மூணு நாளா கனவுல வர்றா. வாயத் தொறக்குறா, சத்தமே வரல."

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். அதைவிட, இந்த முகத்தில் எப்படி முழிப்பது?

"முழுசாத்தான் அத்தை. என் கையாலதான் அனுப்புனேன்." கடைசி வார்த்தைக்குக் குரல் எழும்பவில்லை.

மூன்று மணி. வெளியே அறுபது பேர் தலை குனிந்து காத்திருந்தார்கள். ஹினெவாய் வாசலில் நின்று வாயைத் திறந்தாள். வெறும் காற்று. மறுபடி. காற்றுதான்.

அப்போது மாடியில் இருந்த உடற்கூற்றுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. நீளமாக, நடுங்காமல், மருந்து வாடையோடு இறங்கி வந்தது. ஹினெவாய்தான் அழைக்கிறாள் என்று கூட்டம் நகர்ந்தது. ராவினியா மட்டும் நகரவில்லை, மாடியையே பார்த்தாள்.

"எங்கம்மா," என்றாள்.

ஹினெவாய் படியேறி ஓடினாள். அழைப்பு நின்றிருந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டை மேடு விரலடியில் ஏறி இறங்கும், அதுவும் அவள் நடத்தும் பாடம்தான். தன் தொண்டையில் விரலை வைத்து விழுங்கினாள்.

எதுவும் ஏறவில்லை. விரல் குழியில் அமுங்கியது.

மூடியைத் திறந்தாள்.

தட்டில் இரண்டு குரல்வளைகள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், நாண்கள் அகலமாக விலகி ஓய்ந்து கிடந்தன. மற்றது சிவப்பாக, ஈரமாக, ஆவி பறக்க இருந்தது. அதன் நாண்கள் சேர்ந்தன, விலகின, சேர்ந்தன. சத்தமே வரவில்லை.