மதியத் தூக்கத்தில் கதவு திறப்பதில்லை

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. நெற்றியில் மழைத்தண்ணீர் வழிய, மூக்கு கம்பியில் அழுந்த...

அவ்வளவுதான். அப்போதுதான் அழுகையை நிறுத்திப் பொம்மை யானையைக் கையில் எடுத்திருந்த வாலு, "மாமா..." என்று வீறிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் அழுதான். அவனைப் பார்த்து மற்ற உருப்படிகள் எல்லாம் அழுதன. காலையிலிருந்து பாடிய பாட்டு, ஆடிய ஆட்டம் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

அத்தை குடைகூட எடுக்காமல் வெளியே போனாள். அத்தை என்றதும் நரைத்த தலையை நினைத்துவிட வேண்டாம். வயது முப்பதுக்குள்தான். தன் வீட்டு முன்னறைகள் இரண்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அங்கே வரும் குழந்தைகளுக்கெல்லாம் அவள் அத்தை.

"சார், விட்டா விட்டுட்டுப் போகணும். பாதி போறது, பாதி நிக்கிறதெல்லாம் இந்த வீட்ல கிடையாது."

"போயிட்டேங்க... பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். கால்தான் திரும்பி வந்துடுச்சு."

"அப்ப காலை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. நான் பார்த்துக்கறேன்."

அவன் சிரித்தான். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. சரியாகத் தூங்கி எத்தனையோ நாளான கண்கள்... அவற்றுக்குள் இப்படி ஒரு ஈரம். திட்ட வந்ததில் மீதி அவளுக்கு மறந்தே போயிற்று.

வாலுவின் தாய்மாமன் அவன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை, நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. பிள்ளை இவன் கையில். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், "தேறிட்டு வர்றா" என்பான். அத்தையும் நம்பினாள்.

பெற்றவர்களை உள்ளே விடாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. ஆரம்பத்தில் எல்லோரையும் விட்டாள். ஓர் அம்மா சமையலறைக்குள் வந்து அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தாள். ஓர் அப்பா சீக்கிரமே வந்து, பிள்ளையை மறந்து இவளிடம் கதை பேசினார். ஒற்றையாய் இருக்கும் பெண்... ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதிப் பிள்ளைகள் நின்றுபோயின. அன்று போட்டதுதான் சட்டம். யாரானாலும் கிரில் கதவோடு சரி. மதியத் தூக்கத்தில் கதவு திறப்பதில்லை. பிள்ளைகள் அவளை அத்தை என்றே கூப்பிட வேண்டும். அப்பாக்கள் எல்லோரும் அண்ணன்மார் ஆகிவிடுவார்கள் என்று கணக்கு.

மாமாக்களை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

அவன் சேர்த்தான். ஒரு சாயங்காலம் வாலுவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"ஒரு சந்தேகம்ங்க. அப்பா வந்து விட்டா நீங்க அவருக்குத் தங்கச்சி. சரி... மாமா வந்து விட்டா, மாமாவுக்கு நீங்க என்ன முறை?"

பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. முகம் சூடாயிற்று.

"முறை விசாரிக்கிறவங்களுக்கு இங்க அட்மிஷன் கிடையாது," என்று கதவைச் சாத்தினாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரித்தாள். சே... என்ன பைத்தியம் இது!

வாலு சும்மா இருப்பாளா? மறுநாள் காலை, எல்லா அம்மாக்களும் கூடி நிற்கையில், "எங்க மாமாவும் அத்தையும் ஜோடி" என்று அறிவித்தாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், இது பிள்ளை பார்க்கிற இடம்தானே என்று கேட்டாள். அந்த வாரமே இரண்டு பிள்ளைகள் வரவில்லை.

அத்தைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வாலுவைப் பற்றி மட்டும் பேசினால் போதும், அதுவும் கேட்டுக்கு வெளியே நின்று, என்று அவன் முகம் பார்க்காமல் சொன்னாள். அவன் தலையாட்டினான். அதன்பின் பிள்ளையை விட்டால் விட்டதுதான், திரும்பிப் பார்க்காமல் மழையில் நடந்துவிடுவான். இப்போது அவள் கண்தான் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

பிறகு அந்த மதியம். பாயில் வரிசையாகக் குழந்தைகள் தூங்கின. வெளியே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது மழை. மணி அடித்தது. கேட்டில் அவன், தொப்பலாக நனைந்து.

"தூங்குறா. மூணு மணிக்கு வாங்க," என்றாள் கிரிலுக்குள் இருந்தே.

அவன் வாயைத் திறந்தான்... மூடினான். "சரிங்க."

தன்னைப் பார்க்கத்தான் சாக்குத் தேடி வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. இனித்ததால்தான் கதவைத் திறக்கவில்லை.

குழந்தைகள் எழுந்தபின் பார்த்தால், எதிர்வீட்டு மதிலோரம் அப்படியே நின்றிருந்தான். வாலுவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அன்று சிரிக்காத அந்த அம்மாதான் மறுநாள் வந்து சொன்னாள். அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் வந்து மகளைத் தன் ஊருக்கு அழைத்துப்போனார். வாலுவின் தலையணையும் மாற்றுத் துணியும் இங்கேயே இருந்தன. எடுத்துப்போக அவன் வந்தான், தனியாக. குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்த நேரம். அவள் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்தான்.

"ஏன் சொல்லல?" அவள் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லத்தான் வந்தேன். பிள்ளைய ஒரு தடவை பார்க்கணும்னு அக்கா சொன்னா. அதை வாயால சொன்னா, அவ போகப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே... நீங்க மூணு மணின்னீங்க. சரி, அதுவரைக்கும் இருப்பான்னு நம்பிட்டேன்."

 அவள் மன்னிப்புக் கேட்கலாம். எந்த மன்னிப்பு இதற்குக் காணும்?

"என்னைப் பார்க்கத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். கதவைத் திறந்தா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்னு பயந்தேன். என் பயத்துக்கு... ஒரு அம்மா தன் பிள்ளைய..."

 அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க. அதான் கொடுமை. உங்க முகத்தைப் பார்த்தாலே அந்த மழைதான் கண்ணுல நிக்குது."

அவளுக்கும் அதே மழைதான்.  தலையணையையும் துணியையும் பையில் வைத்து நீட்டினாள். அவன் வாங்கினான். வாங்கியவன் போகவில்லை. குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்து, தலையணையில் முகம் புதைத்தான். தோள்கள் குலுங்கின.

"கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டுமா...?"

"இருங்க," என்றாள் அவள்.