பதிவில் விழுந்த மூச்சு

புது லினக்ஸிலும் அந்த மூச்சு கேட்டது.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவது சனோபரின் வேலை. போன வாரம் அனுப்பிய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. 'நீங்கள் நிறுத்தும் இடத்திலெல்லாம் வேறு யாரோ மூச்சு விடுகிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள். இன்று மாலைக்குள் சுத்தமான பதிவு போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் காலையிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் இருந்த பழைய லினக்ஸ் இயங்குதளத்தை முழுவதும் அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருந்தாள். தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, கைக்குப் பழகிய ஒலிப்பதிவு மென்பொருள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுவி முடிக்க மணி நான்காகிவிட்டது.

வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னல்களில் தொங்கவிட்ட ஜமுக்காளங்களின் தூசி வாடையும், விசிறியை நிறுத்திவிட்ட மாடி அறையின் புழுக்கமும், அவனியாபுரத்துப் பட்டறையில் தகரம் தட்டும் ஓசை வெகுதூரத்தில் மங்கிக் கேட்பதுமாக இருக்க, அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது. நிதானமாக மறுபடி ஏறியது.

லினக்ஸ் கொடுத்த அழகுபாண்டியைப் போனில் கூப்பிட்டாள். பசுமலையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்.

"மைக்கை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறுன்னீங்கண்ணே. புதுசுலயும் கேக்குது."

"அப்ப மெஷின்ல இல்ல தங்கச்சி. ரூமுலதான் என்னமோ இருக்கு. மைக்கைக் கையில எடுத்துக்கிட்டு சுத்தி வாங்க. எங்க கோடு கூடுதோ, சத்தம் அங்கேருந்துதான் வருது." பிறகு கேட்டார். "வீட்ல வேற யாரும் இருக்காகளா?"

"இல்லண்ணே. அவரு கடையில இருந்து வர ஏழு மணியாகும்."

போனை வைத்துவிட்டு, வயரில்லாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மைக்கின் வயர் அந்தச் சின்ன அறை முழுக்க எட்டியது. கையை நீட்டி மைக்கைப் பீரோவிடம் கொண்டுபோனாள். மூச்சு குறைந்தது. மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். இன்னும் குறைந்தது. கதவு. தாழ் போட்டபடியே இருந்தது. அங்கேயும் குறைவுதான்.

வயர் காலில் சிக்கியது. மைக்கைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

கோடு ஏறியது.

அப்படியே நின்றாள். வாயை இறுக மூடினாள். மூச்சை அடக்கினாள்.

கோடு ஏறியபடி இருந்தது.

நெஞ்சருகே வைத்தாள். இல்லை. இடது தோள். இல்லை. வலது தோள்.

கோடு உச்சிக்கு ஏறிச் சிவப்பானது.

ஹெட்போனில் மூச்சு சட்டென்று நின்றது. அவளைப் போல, அதுவும் அடக்கிக்கொண்டது.

அவளால்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூச்சை விட்டாள். கழுத்தைத் திருப்பாமல், கண்களை மட்டும் ஓட்டினாள்.

காற்றே இல்லாத அறையில், வலது தோளில் கிடந்த துப்பட்டா மெல்ல உப்பி எழுந்தது. அமுங்கியது. மறுபடி எழுந்தது.