அடுப்புகள் கிளம்பிப் போன சனிக்கிழமை

பெல்மார் ஊருக்குள் அந்தப் பெரிய வெள்ளை லாரி நுழைந்தபோது, சலூன்காரர் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார். அந்தத் தலைக்குச் சொந்தக்காரரும் கழுத்தில் கட்டிய துணியோடு பின்னாலேயே வந்தார்.

"டிவிக்காரங்கதானே?"

"டிவிக்காரங்கதான். மேல பாரு, எவ்வளவு பெரிய தட்டு!"

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேஸ்பால் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்கள் வாரம் தவறாமல் டிவியில் வரும். ஆனால் பெல்மார் கல்லூரி மாதிரி எட்டு சின்னக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் போட்டிகளைப் படம் பிடிக்க இதுவரை யாரும் வந்ததில்லை. இந்த வருடம் ஒரு சேனல், "ஒரே ஒரு ஆட்டம் காட்டிப் பார்ப்போம். நன்றாக வந்தால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் காட்டுவோம்" என்று சொல்லியிருந்தது.

ஊரிலேயே அதிக சந்தோஷத்தில் இருந்தவள் ஓடில். அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அண்ணன் ரெமிதான் இன்று பெல்மார் நாரைகள் அணிக்கு முதல் பந்தை வீசப் போகிறான்.

அவர்களுடைய அப்பா கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறார். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். ரெமி பந்து வீசிய நாள்களெல்லாம் எப்படியோ அவர் கடலில் இருந்த நாள்களாகவே அமைந்துவிட்டன. கல்லூரி அணிக்காக மகன் வீசி அவர் ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை.

காலையிலேயே போன் செய்துவிட்டார்.

"ஓடில் குட்டி! இங்க சாப்பாட்டு ரூம்ல டிவி முன்னாடி இப்பவே இடம் போட்டுட்டாங்க. எங்க சமையல்காரர் இன்னைக்கு மீன் வறுக்க மாட்டாராம். ஆட்டம் பார்க்கணுமாம்!"

"அப்போ சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ணுவீங்க?"

"ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும். ரெமிக்காக ஒரு நாள் பொறுத்துக்க மாட்டோமா?"

மத்தியானம் அம்மாவுடன் மைதானத்துக்குப் போனதும், ஓடில் முதலில் கேமராவைத் தேடினாள். மைதானத்தின் கடைசியில், வேலிக்கு வெளியே, உயரமான இரும்பு மேடையில் அது இருந்தது. பந்து வீசுபவரின் முதுகும், எதிரே மட்டையோடு நிற்பவரின் முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்துதான் படம் பிடிக்க முடியும்.

கேமராக்காரர் அங்கே இருந்தார். ஆனால் அவர் படம் பிடிக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தார்.

அவரைச் சுற்றி ஒரே புகை.

இடது பக்க வேலியைப் பார்த்தாள். காரணம் புரிந்துவிட்டது.

பெல்மாரில் ஆட்டம் என்றால், ஊர்க்காரர்கள் இடது பக்க வேலியை ஒட்டி பிக்கப் வண்டிகளை நிறுத்திவிட்டு, சக்கரம் வைத்த கரி அடுப்புகளை இறக்குவார்கள். சாசேஜ் என்னும் இறைச்சிக் குழல்களைச் சுட்டபடியே ஆட்டம் பார்ப்பார்கள். எவருடைய அடுப்பு எங்கே நிற்கிறதோ அது அவருடைய இடம். அது அங்கே எழுதாத சட்டம்.

இன்று டிவி வருகிறது அல்லவா? ஊர்ப் பெருமை தெரிய வேண்டுமே! ஆளுக்கு ஒரு அடுப்பு கூடுதலாகக் கொண்டு வந்திருந்தார்கள். சிலர் பக்கத்து ஊர் மாமனார் வீட்டு அடுப்பையும் கடன் வாங்கி வந்திருந்தார்கள். அத்தனை புகையும் காற்றோடு சேர்ந்து நேராகக் கேமராவுக்குப் போனது.

மேடைக்குக் கீழே, காதில் கருவி மாட்டிய ஒரு பெண் தலையில் கை வைத்து நின்றாள். அவள்தான் ஜோனெல். டிவிக் குழுவின் தலைவி.

"அக்கா, படம் தெரியலையா?" என்று ஓடில் கேட்டாள்.

"தெரியுதே! வெள்ளையா, அழகா, மேகம் மாதிரி தெரியுது" என்றாள் ஜோனெல் அலுப்போடு. "இன்னும் அரை மணி நேரத்துல இது சரியாகலைன்னா ஆபீஸ்ல வேற நிகழ்ச்சி போட்டுருவாங்க. போன வருஷத்து மீன்பிடிப் போட்டி தயாரா இருக்கு."

"மீன்பிடிப் போட்டியா?"

"ஆமா. மூணு மணி நேரம்."

 கடலின் நடுவே அப்பா, கையில் ரொட்டியோடு, டிவியில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஓடில் நினைத்துப் பார்த்தாள்.

அப்போது ஒலிபெருக்கியில் கல்லூரி அலுவலர் பேசினார். "அன்பார்ந்த ரசிகர்களே, தயவுசெய்து அடுப்புகளை அணைத்துவிடவும்."

இடது வேலி முழுவதும் "ஊஊஊ" என்று கூச்சல் எழுந்தது.

"பாதி வெந்த கறியை என்ன பண்றதாம்? அவர் சாப்பிடுவாராமா?" என்று கத்தினார் ஆல்சிட் மாமா. அவர் மீசையை விடப் பெரியது அவருடைய அடுப்பு மட்டும்தான்.

ஓடில் அவரிடம் ஓடினாள்.

"மாமா, ஒரு உதவி. அடுப்பைக் கொஞ்சம் வலது பக்கமாக் கொண்டு போங்களேன். கொடியைப் பாருங்க, காற்று இங்கேருந்து அந்தப் பக்கம்தான் அடிக்குது. நீங்க அங்க போயிட்டா புகை ஆத்துப் பக்கம் போயிரும். கேமராவுக்கு வராது."

ஆல்சிட் மாமா கொடியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நீ சொல்றது சரிதான். ஆனா நான் போக மாட்டேன்."

"ஏன் மாமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் நகர்ந்தா, அந்த எர்லீன் என் இடத்துல அடுப்பைத் தள்ளிட்டு வந்துரும். போன வருஷம் அடுப்புக் கால் உடைஞ்சுதுன்னு ரெண்டடி நகர்த்தினேன். திரும்பிப் பார்த்தா அங்க அது உட்கார்ந்து சோளம் சாப்பிடுது!"

ஓடில் அடுத்த அடுப்புக்குப் போனாள். ஊரே மரியாதையாக 'மிஸ்' என்று அழைக்கும் எர்லீன் இடுக்கியால் சாசேஜைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நகர்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. முதல்ல அந்த மீசைக்காரனை நகரச் சொல்லு."

"ஏன் மிஸ்?"

"நான் போனா அவன் ரெண்டு இடத்துல கால் நீட்டிப் படுப்பான்!"

"காது கேக்குது எர்லீன்!" என்றார் ஆல்சிட் மாமா.

"கேக்கணும்னுதானே சொன்னேன்!"

மூன்றாவது அடுப்பிலும் அதே பதில். நான்காவதிலும் அதே. எல்லோருக்கும் ரெமியைப் பிடிக்கும். எல்லோருக்கும் டிவி வேண்டும். ஆனால் முதலில் நகர ஒருவரும் தயாராக இல்லை.

ஓடில் வேலி ஓரமாக நின்று யோசித்தாள். ஒருவர் நகர்ந்தால் இடம் போகும். இருவர் நகர்ந்தாலும் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்? இடத்தைப் பிடிக்க அங்கே யார் இருப்பார்கள்?

அவளுக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று பள்ளியில் மாதம் ஒரு முறை தீப் பயிற்சி நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக வெளியே போவார்கள். பைகள் மேஜையிலேயே இருக்கும். திரும்பி வந்ததும் அவரவர் பை, அவரவர் இடம். இதுவரை யாருடைய மேஜையையும் யாரும் பிடித்துக்கொண்டதில்லை.

பக்கத்திலிருந்த பிக்கப் வண்டியின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! நாம தீப் பயிற்சி செய்யப் போறோம்!"

"என்னது?" என்றார் ஆல்சிட் மாமா.

"ஸ்கூல்ல நீங்களும் செஞ்சிருப்பீங்கல்ல? நாற்காலியை உங்க இடத்துலயே விட்டுருங்க. அடுப்பு மூடியை மூடுங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், இப்ப நிக்கிற அதே வரிசையில, வலது பக்கம் தள்ளிட்டுப் போங்க. ஒரு அடுப்புகூட இங்க இருக்கக் கூடாது. அப்புறம் திரும்பி வந்து அவங்கவங்க நாற்காலில உட்காருங்க!"

"பயிற்சின்னா தீகிட்டேருந்து ஓடணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "நாம தீயையே கூட்டிட்டுப் போறோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களோடு சண்டை போடுவது கஷ்டம் என்று மிஸ் எர்லீனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "நான் தயார். மீசை தயாரா?" என்றார்.

"நான் எப்பவோ தயார். ஆனா ஒண்ணு" என்று ஆல்சிட் மாமா விரலை உயர்த்தினார். "நான் இங்க உட்கார்ந்தா, அங்க என் சாசேஜை யாரு திருப்புவா? கருகிப் போகுமே!"

எல்லோரும் மறுபடி முணுமுணுத்தார்கள். நியாயமான கேள்விதான்.

ஓடில் வலது பக்கம் பார்த்தாள். அங்கே உயரமான பலகைச் சுவர். அதற்குப் பின்னால் டிவி லாரி. அங்கே நின்றால் மைதானத்தில் ஒரு புல்கூடத் தெரியாது. ரெமியின் ஒரு பந்தைக்கூடப் பார்க்க முடியாது.

வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"நான் திருப்பறேன்" என்றாள்.

"நீயா? இன்னைக்கு உங்க அண்ணன் ஆட்டமாச்சே!" என்றார் மிஸ் எர்லீன்.

"நான் அவனை வீட்டுல தினமும் பார்க்கிறேன் மிஸ். அப்பாதான் பார்த்ததில்ல."

 ஆல்சிட் மாமா மூக்கை உறிஞ்சினார். "புகை" என்றார். பிறகு அடுப்பு மூடியை டமார் என்று மூடினார். "தள்ளுங்கப்பா!"

அப்படி ஓர் ஊர்வலத்தை பெல்மார் அதுவரை கண்டதில்லை. சக்கரங்கள் கிறீச்சிட, மூடிகள் கடகடக்க, அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேமரா மேடையைத் தாண்டிப் போயின. ஆல்சிட் மாமாவும் மிஸ் எர்லீனும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடியே தள்ளினார்கள். கேமராக்காரர் மேலிருந்து கைதட்டினார். கைதட்டும்போது இருமல் வரவில்லை என்பதை அவரே ஆச்சரியமாகக் கவனித்தார்.

புகை ஆற்றுப் பக்கம் திரும்பியது. மைதானம் பளிச்சென்று தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. பெரியவர்கள் நாற்காலிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஓடில் நீளமான இடுக்கியோடு அடுப்பு அடுப்பாக நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் "ஓ!" என்று ஒரு சத்தம். நல்லதா கெட்டதா தெரியவில்லை. அவள் ஒரு சாசேஜைத் திருப்பினாள். இன்னொரு "ஓ!" இன்னொரு சாசேஜ்.

லாரிக் கதவு திறந்தது. ஜோனெல் எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாசனையில உள்ள யாருக்கும் வேலை ஓட மாட்டேங்குது. ஆளுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றவள், ஓடிலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "ஐயோ, உனக்கு இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையா?"

அவள் உள்ளே போய் ஏதோ சொன்னாள். வாசலை ஒட்டியிருந்த ஒரு திரை மெல்ல வெளிப்பக்கம் திரும்பியது. கடலில் அப்பா பார்க்கும் அதே படம் அதில் ஓடியது.

ரெமி!

அவ்வளவு பக்கத்தில் ரெமி! பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால் அவன் ஒரு விரல் உயரம்தான் இருப்பான். இங்கே அவன் மூக்கு நுனி வியர்வைகூடத் தெரிந்தது. வலது காது செக்கச் சிவந்திருந்தது.

"அக்கா! இப்ப வளைஞ்சு போற பந்து போடப் போறான்!"

"எப்படித் தெரியும்?"

"காது சிவந்தா அதான். வீட்டுல பொய் சொல்றப்பவும் அப்படித்தான்."

பந்து வந்தது. நேராக வருவது போல் வந்து சட்டென்று கீழே வளைந்தது. மட்டைக்காரர் காற்றை அடித்துவிட்டுத் தடுமாறினார். லாரிக்குள் எல்லோரும் ஓடிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள் ஜோனெல். "எதிரணிக்காரங்களும் டிவி பார்ப்பாங்க."

நாரைகள் ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். சாசேஜ் ஒன்றே ஒன்றுதான் கருகியது. ரெமி கடைசி மட்டைக்காரரை வெளியே அனுப்பிய நேரத்தில் அது அடுப்பில் இருந்தது. அது தன்னுடையதுதான் என்று ஆல்சிட் மாமா சொன்னார். தன்னுடையது என்று மிஸ் எர்லீன் சொன்னார். கடைசியில் இருவரும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

லாரி கிளம்பும்போது ஜோனெல் கையசைத்தாள். "அடுத்த சனிக்கிழமை வர்றோம்! தீப் பயிற்சிக்கு எல்லாரையும் தயாரா இருக்கச் சொல்லு!"

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அப்பாதான். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் பார்த்தேன்! ஒவ்வொரு பந்தையும் பார்த்தேன்! அவன் காது சிவந்ததைக்கூடப் பார்த்தேன்! எங்க சமையல்காரர் அழுறார். கேட்டா வெங்காயம்னு சொல்றார். இன்னைக்கு அவர் அடுப்பே பத்த வைக்கல!"

உடையெல்லாம் மண்ணாக ரெமி ஓடி வந்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்தான். பிறகு ஓடிலைப் பார்த்து முறைத்தான்.

"ஏய், நீ எங்க போன? ஒவ்வொரு இன்னிங்ஸும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா பக்கத்துல உன் சீட்டு காலியாவே இருந்துச்சு. என் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லையா?"

ஓடில் மூக்கிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டாள். அது கன்னம் முழுவதும் பரவியது.

"உன் காது சிவந்ததைக்கூடப் பார்த்தேன்" என்றாள். "அப்பா பக்கத்துல உட்கார்ந்து."