கறுப்புப் பட்டைக்கு அடியில்

போன் அலறியது.

காலை ஒன்பதரை. கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியநாயகி எடுத்தாள். கள்ளக்குறிச்சியில் அவளுக்கு 'நெட்டு வக்கீல்' என்று பெயர். ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக யாரைத் தூக்கினாலும் ஜாமீனோடு போய் நிற்பாள். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை.

"மேடம், இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி பேசறேன். மலையடிவாரத்து ஓடையில ஒரு பாடி. அன்புச்செல்வன்னு பேரு. சட்டைப் பையில உங்க கார்டு இருந்திச்சு..."

"ஐயோ! எப்படி சார்?"

"பத்து வெரலையும் வெட்டிட்டானுங்க. உசுரு இருக்கும்போதே!"



'மலைக்கண்' என்ற ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தியவன் அன்புச்செல்வன். கல்வராயன் மலையைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்ற குவாரி அரங்கநாதனைப் படம் பிடித்துப் போட்டவன். எழுதுவது யார் என்று கேட்டு அரங்கநாதன் கேஸ் போட்டான். சொல்ல முடியாது என்று மனுப் போட்டவள் பெரியநாயகி.

அவன் வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் எப்படி...?

லேப்டாப்பைத் திறந்தாள். எதிர்த்தரப்புக்கு மெயிலில் அனுப்பிய மனு. பெயர் இருந்த இடத்தில் அவளே போட்ட கறுப்புப் பட்டை. அதை மவுஸால் இழுத்துக் காப்பி செய்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள்.

'அன்புச்செல்வன், த/பெ செல்லமுத்து, வடக்கனந்தல்.'

பட்டை மேலே. எழுத்து அடியில் அப்படியே!

"பாவி... நான்தான் கொன்னுட்டேன்!" வாய்விட்டு அழுதாள்.

பிணவறை வாசலில் இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அரங்கநாதன் மருமவன் சுபாஷோட வேலை மேடம். ஊருக்கே தெரியும். சாட்சிதான் இல்ல."

அன்புச்செல்வனின் மனைவி இலக்கியா அழவில்லை.

"இனிமே பேஜை நான் நடத்தறேன் மேடம். காலையிலயே போஸ்ட் போட்டுட்டேன்."

"பைத்தியமா உனக்கு? அடுத்தது நீதான்!"

மறுநாள் கோர்ட் வராந்தாவில் அரங்கநாதன் வழிமறித்தான்.

"பேஜு இன்னும் ஓடிக்கினு கீதே வக்கீலம்மா? இப்ப எழுதறது யாரு?"

"கோர்ட்டுல கேளுங்க."

"இன்னாத்துக்கு? நீங்கதான் மனுப் போடுவீங்களே!" பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அன்றே இரண்டாவது மனு தயாரானது. பார்த்த இலக்கியா நடுங்கினாள்.

"மறுபடியும் அதே பட்டையா? என் பேரு தெரிஞ்சிடுமே மேடம்!"

பெரியநாயகி மெயிலை அனுப்பினாள்.

மூன்றாம் நாள். போன்!

"மேடம்... அதே ஓடை. இன்னொரு பாடி. பத்து வெரலும் இல்ல..."

"யாரு சார்?"

"சுபாஷ்!"

அன்று மதியம் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், பெரியநாயகியின் ஆபீஸ் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். வாசல் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தான் அரங்கநாதன்.

"அடிப்பாவி! என் பொண்ணு தாலிய அறுத்துட்டியேடி! அவன் செத்தப்புறமும் பேஜு ஓடிக்கினு கீது! அப்ப இன்னாத்துக்குடி அவன் பேரப் போட்ட?"

"எங்க போட்டேன்?"

"மனுவுலதான்! கறுப்புப் பட்டைக்கு அடியில! அதப் பாத்துத்தான சொந்த மருமவன்னுகூடப் பாக்காம..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். உள்ளறைக் கதவு திறந்தது.

"பாதியில நிறுத்திட்டீங்களே... முழுசா சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். விலங்கு மாட்டிவிட்டுப் பெரியநாயகியை முறைத்தார்.

"நீங்க செஞ்சது மட்டும் சரியா மேடம்?"

பெரியநாயகி லேப்டாப்பை மூடினாள்.

"மறைச்சு வெச்சதப் படிக்காதீங்கன்னு பன்னெண்டு வருஷமா கோர்ட்டுல கத்திக்கினு இருக்கேன் சார்... யாரு கேக்கறாங்க?"