மறுமுயற்சி: வரம்பு இல்லை

மனித வரலாற்றில் செய்திகள் தொலைந்துபோகும் இருண்ட காலம் முடிவுக்கு வருவதாக, அந்த மின்பூட்டு நிறுவனத்தின் நான்காம் மாடியில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் மேலாளர். கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்கள். திட்டத்தின் பெயர் 'தொலையாச் செய்தி'. இனி எந்தக் கதவிலிருந்து எந்தச் செய்தி கிளம்பினாலும் அது பெறப்பட்டே தீரும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 'நிலுவை' என்ற கட்டத்தில் பூஜ்யம் நின்றால், மேலிடத்துக்குத் தானாகவே ஒரு வெற்றி மின்னஞ்சல் போய்விடும். அதன் வாசகத்தை மேலாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதில் 'சரித்திரம்' என்ற சொல் நான்கு முறை வந்தது.

பூஜ்யம் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூட்டம் கலைந்த பிறகு ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

"உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு தப்பு பதிவாகியிருக்கு. மூணாவது வந்தா நானே நினைச்சாலும் வேலைய காப்பாத்த முடியாது. பாத்துக்கங்க."

அந்த ஒருவரை அலுவலகத்தில் வரிசைக்காரர் என்பார்கள். வீடுகளில் மாட்டிய பூட்டுகளில் யாராவது பொத்தானை அமுக்கினால் 'திற' என்றொரு செய்தி கிளம்பும். கிளம்பிய செய்திகள் ஒரு மென்பொருளுக்குள் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் உரிய பூட்டுக்குப் போகும். பூட்டு திறந்து, 'பெற்றேன்' என்று பதில் சொன்னால் செய்தி வரிசையை விட்டு விலகும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி போகும். எத்தனை தடவை போகலாம், யாருக்குப் போகலாம் என்பதெல்லாம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பை மாற்றுவதும், மாற்றியதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வதும் வரிசைக்காரரின் உத்தியோகம்.

கம்பெனியின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் வீட்டு வாசற்கதவில் கம்பெனிப் பூட்டுதான் இருந்தது. 'எதிர்காலத்தின் முதல் வீடு' என்று மேலாளர் கைதட்டி மாட்டிவிட்டுப் போன சோதனைப் பூட்டு. அவருடைய ஐந்து வயது மகளுக்கு அது விளையாட்டுச் சாமான். அடுத்தடுத்து இரண்டு அமுக்கு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. டிக்டிக்... டிக். பேட்டரி தீர்ந்துபோகிறது என்று மனைவி தினமும் கத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தபோது மாடியில் ஆள் இல்லை. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைந்துவிடும் சிக்கன விளக்குகள். அவர் தலைக்கு மேல் ஒன்று மட்டும் எரிந்தது. குளிர்சாதனம் நின்றிருந்ததால் தரைவிரிப்பின் பழைய ஈரவாடை, வெள்ளிக்கிழமை யாரோ கழுவாமல் விட்ட காபிக் கோப்பையின் புளிப்பு, வெயிலில் சூடேறிய ஜன்னல் திரையின் பிளாஸ்டிக் நாற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மூடிய வாய்க்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

கோப்பைத் திறந்தார். அறுநூறு வரிகள். நடுவில்:

மறுமுயற்சி = 3

அதற்கு மேலே யாரோ குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். 'மூன்றுதான். தயவுசெய்து.'

யாரோ என்ன யாரோ, பழையவர்தான். இந்த நாற்காலியில் இவருக்கு முன்னால் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டுப் போனார் என்பது நிர்வாகத்தின் விளக்கம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே விட்டுப் போயிருந்தார். மூக்குக்கண்ணாடியையும். டிபன் பாக்ஸை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். தடித்த கண்ணாடி இன்னும் இவர் மேசையின் கீழ் இழுப்பறையில் கிடந்தது. அது இல்லாமல் மனிதர் படி இறங்கியது எப்படி என்று வரிசைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் விசாரணைக் குழுவில் போட்டுவிடுவார்கள்.

அறுநூறு வரிகளில் ஒரே ஒரு குறிப்பு. அதிலும் 'தயவுசெய்து'. கணிப்பொறியிடம் கெஞ்சுகிறவன் எவன்? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தோன்றியது. மாற்றினால் மாட்டிக்கொள்வோம், மாற்றாவிட்டாலும் மாட்டிக்கொள்வோம். ஆணை ஆணைதான். 3 என்பதை அழித்து, 'வரம்பு இல்லை' என்று எழுதி, மென்பொருளை மறுபடி கிளப்பினார்.

நிலுவை: 1.

எல்லாச் செய்திகளும் போய்ச் சேர்ந்திருந்தன, ஒன்றைத் தவிர. அதைத் திறந்தார்.

அனுப்பியது: கதவு 0000. உள்பக்கப் பொத்தான் அழுத்தப்பட்டது. திற. முயற்சி: 4.

பார்த்துக்கொண்டே இருந்தார். 5. முப்பது விநாடி. 6.

மூன்று முறை தோற்ற செய்திகளைக் கொட்ட மென்பொருளுக்குள் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு. யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்த்தார். அதே செய்தி. நேற்றும். போன மாதமும். செவ்வாய்க்கிழமை பழையவர் போன நாளிலும், அதற்கு முன்பும். பக்கம் பக்கமாக ஒரே வரி. யாரோ எங்கேயோ உள்ளிருந்து அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மென்பொருள் மூன்று தடவை கேட்டுவிட்டு, மரியாதையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழே காவலாளிக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மேல யாராவது வந்தாங்களா?"

"ஞாயித்துக்கிழமை யாரு சார் வருவா? நீங்க ஒருத்தர்தான் மாட்டிக்கிட்டீங்க."

"சோதனை அறைக்கு?"

"அங்க நாங்க போறதே இல்லையே."

"ஏன்?"

"சுவரே இல்லாம வெறும் கதவு ஒண்ணு நிக்குது சார். அதுல எந்தப் பக்கம் நின்னு காவல் காக்குறது?"

காவலாளி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வைத்துவிட்டார்.

0000 என்பது அந்தக் கதவுதான். வாடிக்கையாளர்களுக்குப் பூட்டின் பெருமையைக் காட்டுவதற்காக, சோதனை அறையின் நட்டநடுவில், இரும்புக் கால்களின் மேல் நிலையோடு நிறுத்திய மரக்கதவு. பழையவர் காலத்திலேயே அதன் பூட்டு செத்துப்போயிருந்தது; அவர் போன மறுநாளே அதையும் கழற்றிவிட்டார்கள். அதனால்தான் 'பெற்றேன்' என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதெல்லாம் சரி. அனுப்புவது யார்?

நடந்தார். ஒவ்வொரு விளக்காக முன்னால் எரிந்தது, பின்னால் அணைந்தது.

கதவின் முன்பக்கம் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக எதிர்ச்சுவரின் விளம்பரப் படம் தெரிந்தது: சிரிக்கும் குடும்பம், 'உங்கள் கதவு, உங்கள் நிம்மதி'. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பொத்தான் அங்கே இருந்தது. அதன் வயரை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு செப்பு முனைகள் காற்றில் நின்றன. நிலை மீதும் பலகை மீதும் விரலால் பெயர் எழுதுமளவுக்குத் தூசி. பொத்தான் மீதும் தூசி. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு மட்டும் பளபளப்பு.

டிக்.

பொத்தான் உள்ளே போய் வெளியே வந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

பார்க்கவில்லை என்று முடிவு செய்தார். இது எதிர் மேசைக்காரனின் வேலை. இந்த நாற்காலி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொய்ச் செய்தி அனுப்புகிறான்; பொத்தானுக்குள் ஒரு காந்தத்தை வைத்திருக்கிறான். மேலாளரும் கூட்டாக இருக்கலாம். மூன்றாவது தப்பு. எவ்வளவு கச்சிதம்! நான் பயந்து ஓடுவேன் என்று நினைத்தார்களா?

மணி ஐந்து நாற்பது. முயற்சி: 311.

வழி எளிது. ஏதாவது ஒரு பூட்டு 'பெற்றேன்' என்று சொன்னால் போதும். அறையின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய சோதனைப் பூட்டுகள் உயிரோடு கிடந்தன. சோதனைப் பூட்டுகளின் எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும். மேசைக்கு ஓடிவந்து, கதவு 0000 அனுப்பும் செய்தி யாருக்கு என்ற இடத்தில் 0* என்று எழுதினார். பூஜ்யத்தில் தொடங்கும் எல்லாவற்றுக்கும்.

சேமித்தார்.

சோதனை அறையில் அட்டைப்பெட்டி பல்லைக் கடித்தது. அப்படித்தான் கேட்டது. பூட்டுகளின் நாக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில், படபடவென்று, உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம்.

நிலுவை: 0.

வேலை பிழைத்தது. நாற்காலியில் சாய்ந்தார். மேலாளருக்கு ஒரு வணக்கம் கூடப் போட்டார், காற்றில்.

பிறகுதான் அடுத்த கட்டம் கண்ணில் பட்டது. பெற்றவை: 22.

பெட்டிமேல் ஒட்டிய சீட்டு அவருடைய கையெழுத்துதான். அதில் இருந்தது 21.

பட்டியலைத் திறந்தார். 0001. 0002. விரல் திரையில் இறங்கியது. 0016.

0017. எதிர்காலத்தின் முதல் வீடு.

போன் அடித்தது.

"ஏங்க, அங்க இருந்துட்டு வாசக்கதவை நீங்களா திறந்தீங்க?"

"எப்போ?"

"இப்பத்தான். துணி மடிச்சிட்டிருக்கேன், அது பாட்டுக்குத் திறக்குது. அப்பா வந்துட்டாருன்னு உங்க பொண்ணு வெளிய ஓடுறா."

"அவள உள்ள கூப்பிடு."

"ஏன், என்ன ஆச்சு?"

"கூப்பிடுடி முதல்ல!"

"கத்தாதீங்க. பாப்பா! ஏய், பாப்பா!... என்னங்க இது, இவ்வளவு இருட்டா இருக்கு. படிக்கட்டு லைட் போயிடுச்சா?" சுவரில் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏங்க."

"சொல்லு."

"படிக்கட்டையே காணோம்."

கதவு அறைந்து சாத்திக்கொண்ட சத்தம். கைப்பிடியை இழுக்கும் சத்தம். மறுபடி திறந்த சத்தம்.

"இப்ப இருக்கு. படிக்கட்டு இருக்கு. லைட்டு எரியுது." அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. "பாப்பா இல்லங்க."

தாழ்வாரத்தின் மறுகோடியில், இருட்டுக்குள்ளிருந்து,

டிக்டிக்.

டிக்.

ஓடினார். விளக்குகள் அவருக்குப் பின்தங்கி எரிந்தன. கதவு. முன்பக்கம் யாரும் இல்லை. பின்பக்கம். யாரும் இல்லை. பக்கவாட்டில் நின்று இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தார். டிக்டிக். டிக். கதவை இழுத்துத் திறந்தார். சிரிக்கும் குடும்பம். சாத்தினார். டிக்டிக். டிக். திறந்தார். சிரிக்கும் குடும்பம். ஒவ்வொரு அமுக்குக்கும் மூலையில் பெட்டி பல்லைக் கடித்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் கையிலிருந்த போனுக்குள் அவர் வீட்டுக் கதவு திறந்தது.

"திரும்பத் திரும்பத் திறக்குதுங்க. வெளிய யாருமே இல்ல. நீங்க சீக்கிரம்..." அவள் பேச்சு நின்றது. பிறகு, அவரிடம் அல்ல, வேறு பக்கம் திரும்பி, "யாரு? யாரு சார் நீங்க? எப்ப உள்ள வந்தீங்க?"

"யாரு அது? ஏய், யாரு?"

"ஹால்ல ஒருத்தர் நிக்கிறாருங்க." கிசுகிசுப்பு. "சுவரத் தடவிக்கிட்டு நிக்கிறாரு. என் கண்ணாடிய பாத்தீங்களா, கண்ணாடிய பாத்தீங்களான்னு கேக்குறாரு."

வரிசைக்காரர் பின்பக்கப் பொத்தானின் முன்னால் மண்டியிட்டார். கட்டைவிரல் பளபளப்புக்குக் கீழே, தூசியில், புதிதாக ஒரு தடம். சின்னது. இன்னும் காயாத ஈரம். பொத்தான் உள்ளே போனது. வந்தது. போனது. வந்தது. கொஞ்சம் நிறுத்தி. போனது. ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு 'பெற்றேன்'.

ஆறு மணிக்கு நிலுவை பூஜ்யமாக இருந்தது. வெற்றி மின்னஞ்சல் போனது.